மாடி ஏறும் அலமாரி

ஐயய்யோ, பாப்பாவை அப்படி இறுக்கிப் பிடிக்காதே, மூச்சு முட்டிடப் போகுது. உக்காரு, உக்காரு. பேயும் இல்ல, திருடனும் இல்ல. கட்டடம் இடிஞ்சும் விழல, அதுக்கு இன்னும் ரெண்டு மழையாவது ஆகும். அது அலமாரி. மாடி ஏறிட்டிருக்கு.

சத்தியமா அலமாரிதான். நல்லாக் கேளு. கர்ர்ர்ர்னு ஒரு இழுப்பு. அப்புறம் தொம்முனு ஒரு படி. அப்புறம் கொஞ்ச நேரம் மூச்சு வாங்கறது. அப்புறம் யாராவது ஒருத்தர் கால் நசுங்கி, அம்மான்னு… ஆங், கேட்டியா? இப்ப கத்தினது இஸ்திரிக்காரர். அவர் கத்தற அழகே தனி. கால் நசுங்கினாலும் லாண்டரி மேனேஜர் காதுல விழுந்துடக் கூடாதேன்னு அடக்க ஒடுக்கமாத்தான் கத்துவார்.

நான் சிரிக்கறதைப் பார்த்துப் பயந்துக்காதே. சாயங்காலத்துலேர்ந்தே இப்படித்தான் இருக்கேன், அடக்க முடியல. அறுபத்தாறு வயசு ஆகுது, பள்ளிக்கூடத்துக்கு திடீர்னு லீவு விட்ட பிள்ளை மாதிரி இருக்கு. டீயைக் குடி.

சூடா இருக்கா? இருக்கும், இருக்கும். நீ வந்து அரை மணி நேரமா சூடாவே இருக்கு. அதிசய டீதான் போ.

அட, சும்மா சொன்னேன், மூஞ்சியை ஏன் அப்படி வச்சுக்கறே. சாரி எதுக்கு? கான்வென்ட்ல படிச்சா இப்படித்தான் போல. நாற்காலியில இடிச்சுக்கிட்டா நாற்காலிகிட்டயும் சாரி சொல்லுவே. அந்த ஆண்ட்டியையும் விட்டுடு. ஆண்ட்டின்னு கூப்பிட்டா, யாரோ பவுடர் போட்ட அம்மா பின்னாடி நிக்கறாங்களோன்னு திரும்பிப் பார்க்கத் தோணுது. இங்க எல்லாருக்கும் நான் அக்கா. மேனேஜருக்குக்கூட அக்காதான். அவர் வாயிலேர்ந்து வர்றப்ப மட்டும் அது கெட்ட வார்த்தை மாதிரி இருக்கும்.

எங்க படுப்பேனா? கட்டில் இருக்கு. சாயங்காலம் வரைக்கும் அந்த மூலையிலதான் கிடந்துச்சு. இப்ப வாக்கிங் போயிருக்கு. டிரங்குப் பெட்டியையும் துணைக்குக் கூட்டிக்கிட்டுப் போயிருக்கு. ரூம் காலியா இருந்தா நல்லதுதானே, பாப்பா தவழ்றதுக்கு இடம்… மூணு மாசம்தானா? சரி, மெதுவாத் தவழட்டும். இடம் எங்கயும் ஓடிப் போகாது.

இரு, இரு, இப்பவே எங்க கிளம்பறே. உன் வீட்டுல லைட் வந்துடும். ஃபியூஸ்தான். ஃபியூஸ் மாதிரிதான். எலக்ட்ரீஷியன் பார்த்துக்கிட்டு இருக்கார். பார்க்கப் போறார். பச்சப்பிள்ளையை வச்சுக்கிட்டு அந்த இருட்டுல தனியா எதுக்கு? உன் வீட்டுக்காரர் எப்ப வர்றார்னு சொன்னே? லோடு ஏத்திக்கிட்டு வெளியூரா. நாளைக்குத்தான் வருவாரா. ம்ம். வெளியூர். ரொம்ப தூரம்தான் பாவம்.

அலமாரி எதுக்கு இருட்டினப்புறம் மாடி ஏறுதுன்னுதானே கேட்டே? சொல்றேன். நாளைக்குக் காலையில எட்டு மணிக்கு கோர்ட் ஆர்டரை எடுத்துக்கிட்டு ஆளுங்க வர்றாங்க. இந்தக் குவாட்டர்ஸ்ல ஒரு வீட்டைக் காலி பண்ணப் போறாங்க. சாமானையெல்லாம் ரோட்டுல தூக்கிப் போட்டுட்டு, வீட்டைப் பூட்டி சீல் வச்சுட்டுப் போயிடுவாங்க. அவங்க வர்றதுக்குள்ள நாங்க ஒரு வேலை முடிச்சாகணும். அந்த வேலைதான் படியேறி வந்துக்கிட்டிருக்கு.

எந்த வீடா? சொல்றேன்னுதானே சொல்றேன். முதல்ல ஆரம்பத்துலேர்ந்து கேளு, அப்பத்தான் உனக்குப் பயம் வராது.

நீ கல்யாணமாகி வந்து நாலு மாசம் இருந்தே. அப்புறம் பிரசவத்துக்கு அம்மா வீடு. திரும்பி வந்து பத்து நாள். அந்தப் பத்து நாளும் ஜன்னலைக்கூடத் திறக்கல, நான் பார்த்துக்கிட்டுதான் இருந்தேன். அதனால உனக்கு இந்த லாண்டரியைப் பத்தி ஒண்ணும் தெரியாது. நான் முப்பத்தெட்டு வருஷமா இங்க ஆஸ்பத்திரி பெட்ஷீட் துவைக்கறேன். கையைப் பாரேன், ரேகையே கிடையாது. பிளீச்சிங் எல்லாத்தையும் எடுத்துக்கிட்டுப் போயிடுச்சு. கை பார்த்துப் பலன் சொல்றவன் ஒருத்தன் ரொம்ப நேரம் முழிச்சுட்டு, அம்மா, உங்களுக்கு எதிர்காலமே காணோமேன்னுட்டான். அட மடையா, பதினஞ்சு வருஷம் முன்னாடி சொன்னான், இன்னும் இருக்கேன்.

குவாட்டர்ஸ் ரெண்டு வரிசை. முன் வரிசை உங்க ஆளுங்க. இஸ்திரி போடறவங்க, டிரைவருங்க, கிளார்க்குங்க. பின் வரிசை எங்க ஆளுங்க. துவைக்கறது, அலசறது, பிழியறது. ஈரம் எங்களுக்கு, சூடு உங்களுக்கு. யார் அப்படிப் பிரிச்சு வச்சாங்கன்னு தெரியல, நான் வர்றப்பவே அப்படித்தான் இருந்துச்சு. சாமி வேற, சமையல் வேற, கோவம் வந்தா திட்டறதுகூட வேற. குழாய் ரெண்டு. ஒரே பைப்புலேர்ந்துதான் ரெண்டுக்கும் தண்ணி வருது, ஆனாலும் குழாய் ரெண்டு. எங்க குழாயில பிடிச்சா நீங்க செத்துப் போயிடுவீங்க. உங்க குழாயில பிடிச்சா எங்களைக் கொன்னுடுவீங்க. அப்படி ஒரு காலம்.

அப்ப எனக்கு முப்பத்திரண்டு வயசு. பதினாலாம் நம்பர்ல, எங்க வரிசையில, துணி அலசறவ ஒருத்தி இருந்தா. புருஷன் இல்ல, ரெண்டு பிள்ளைங்க. துவைக்கற சோடாவுல கை வெந்து போயி வேலைக்கு வர முடியல. வேலை இல்லேன்னா வீடு இல்ல, இங்க அதுதானே சட்டம். ஆர்டர் ஆளுங்க வர்றாங்கன்னு தெரிஞ்சதும் நான் என்ன பண்ணேன் தெரியுமா? பேசினேன். முத்தத்துல பெஞ்சைப் போட்டு, அது மேல ஏறி நின்னு பேசினேன். ஒத்துமைன்னேன், நீதின்னேன், உரிமைன்னேன். தொண்டை கட்டிக்கிச்சு. நின்னு கேட்டது மொத்தம் ஆறு பேர். அதுல ஒண்ணு நாய்.

அந்த நேரம் பார்த்து உங்க வரிசையிலேர்ந்து கண்ணாடியம்மா வர்றாங்க. ஹெட் கிளார்க் சம்சாரம். பெரிய கண்ணாடி, பெரிய உடம்பு, பெரிய கோவம். கொடியில காயப்போட்ட பூப்போட்ட போர்வையைக் காணோமாம். பின் வரிசைக்காரங்கதான் எடுத்திருப்பாங்கன்னு நேரா பதினாலாம் நம்பருக்குள்ள நுழைஞ்சு, போர்வை வராம எழுந்திருக்க மாட்டேன்னு கட்டில்ல உக்காந்துட்டாங்க. அந்த வீட்டுக்காரி பயந்துபோயி பிள்ளைங்களை இழுத்துக்கிட்டு வெளியே வந்துட்டா.

ஆர்டர் ஆளுங்க உள்ள போறாங்க. தாளைப் பிரிச்சு, அவ பேரைச் சொல்லி, நீதானேம்மா, எழுந்து வெளியே வான்னாங்க. கண்ணாடியம்மாவுக்கு வந்துச்சே கோவம்! என்னைப் பார்த்தா அவளை மாதிரியா இருக்கு, நான் யாரு, என் குடும்பம் என்ன, என்னைப் போயி அவள்னு சொல்றியேன்னு ஆரம்பிச்சாங்க பாரு. மூணு தலைமுறைக் கதை. அந்த ஆபீசர் வேர்த்து வழியறான். தாள்ல ஒரு பேர் இருக்கு, உள்ள இருக்கறது வேற ஆளு. பேர் இல்லாத ஆளைத் தூக்கி வெளியே போட அவனுக்கு அதிகாரம் கிடையாது. புதுசா ஆர்டர் வாங்கிக்கிட்டுத்தான் வரணும். போயிட்டாங்க! புது ஆர்டர் வர நாலு மாசம் ஆச்சு. அதுக்குள்ள அவளுக்குக் கை ஆறி வேலைக்கு வந்துட்டா.

போர்வையா? அவங்க வீட்டுப் பரண்லயே இருந்துச்சு.

சிரிக்கறே! நீ சிரிச்சா இப்படித்தான் இருப்பியா? இத்தனை நாளா எங்கம்மா வச்சிருந்தே அதை?

எங்க காத்தே வேண்டாம்னு இருந்த பொம்பள, அந்த நெனப்பாலயே எங்க வீட்டைக் காப்பாத்திட்டாங்க. நான் பெஞ்ச் மேல நின்னு கத்தினது ஒரு பைசாவுக்கு உதவல. அன்னிக்குத்தான் எனக்கு மண்டையில ஏறுச்சு. ஆர்டர்ல இன்னொரு வரி உண்டு. குடும்பத்தார், உறவினர்னு. எங்க ஆளையே உள்ள உக்கார வச்சா, உறவினர்னு சேர்த்துத் தூக்கிடுவாங்க. ஆனா முன் வரிசையும் பின் வரிசையும் உறவினர்னு எந்தக் கோர்ட்டுல, எந்த வக்கீல் சொல்லுவான்? சிரிச்சுடுவாங்க இல்ல? அதனால வீடு மாத்திக்கறதுன்னு வச்சோம். எங்க வீட்டுக்கு ஆர்டர் வந்தா உங்க ஆளு சாமானோட வந்து உள்ள உக்காரணும். உங்க வீட்டுக்கு வந்தா எங்க ஆளு. ஆர்டர்ல பேர் இருக்கறவங்க அந்த ஆளோட வீட்டுக்குக் குடி போயிடணும். ராத்திரியோட ராத்திரியா. எட்டு மணிக்கு ஆளுங்க வந்தா, பேரும் ஒத்துப்போகாது, சட்டி பானையும் ஒத்துப்போகாது.

அடுத்த தடவை நானே போயி கண்ணாடியம்மா முன்னாடி நின்னேன். வர்றேன், ஆனா என் கட்டிலோடதான் வருவேன், உங்க கட்டில்ல மூட்டைப்பூச்சி இருக்கும்னாங்க. சரின்னு ரெண்டு வரிசையும் சேர்ந்து அவங்க கட்டிலைத் தூக்கிக்கிட்டு வந்தோம். மூட்டைப்பூச்சி அதுலேர்ந்துதான் வந்துச்சு! ஆறு மாசத்துல ரெண்டு வரிசைக்கும் ஒரே பூச்சி.

பதினோரு வீடு மாத்தினோம். யார் கரண்டி யாருதுன்னு யாருக்கும் தெரியாது இப்ப. இஸ்திரிக்காரர் வீட்டுல இருக்கற ஊஞ்சல் பலகை எங்க அம்மாவோடது. கேட்டா, அவர் அம்மாவோடதும்பார்.

என்ன தேடறே? டீயா? குடிச்சுட்டியேம்மா! கண்ணாடியம்மா கதை நடுவுலயே காலி பண்ணிட்டே. நான் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தேன். சரி சரி, இன்னொரு வாய் போடறேன்.

வெளியிலேர்ந்து படிச்ச பசங்க வருவாங்க, நோட்டுப் புத்தகத்தோட. ரெண்டு சனத்துக்கும் எப்படிக்கா ஒருத்தரை ஒருத்தர் பிடிக்க வச்சீங்கன்னு கேப்பாங்க. பிடிக்கவே இல்லையேப்பா, யார் சொன்னதும்பேன். எனக்கு இஸ்திரிக்காரரை இன்னிக்கு வரைக்கும் பிடிக்காது. அவருக்கு என்னைக் கண்டா ஆகாது, ராட்சசிம்பார். ஆனா கட்டிலுக்கு ஒரு பக்கம் நான், மறுபக்கம் அவர்னு வச்சுக்கோ. அவர் விட்டா என் கால்ல விழும், நான் விட்டா அவர் கால்ல விழும். அப்ப எவ்வளவு மரியாதையாப் பேசுவார் தெரியுமா? மெதுவா அக்கா, பார்த்து அக்கா, படி இருக்கு அக்கா! மேடையில கை கோத்து நிக்கறதெல்லாம் நானும் நின்னிருக்கேன். அஞ்சு நிமிஷத்துல கை வேர்த்துடும், எப்படா விடுவாங்கன்னு இருக்கும். கனமா ஒண்ணைத் தூக்கக் குடுத்துப் பாரு, ஒருத்தரும் விட மாட்டாங்க. நான் கத்துக்கிட்டது அவ்வளவுதான். அதை அந்தப் பசங்க நோட்டுல எழுதிக்க மாட்டேங்கறாங்க, ரொம்பச் சின்னதா இருக்காம்.

நியாயத்தையும் அப்படித்தான் நெனைக்கறேன். நியாயம் வரும், வரும்னு எல்லாரும் வாசலைப் பார்த்துக்கிட்டு இருக்காங்க, மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வர்ற மாதிரி. அது வராதும்மா. அதுக்குக் கால் கிடையாது, இந்த அலமாரி மாதிரிதான். நாலு பேர் நாலு மூலையைப் பிடிச்சா ஒரு படி ஏறும்.

தொம்! கேட்டியா? திருப்பத்துக்கு வந்துட்டாங்க. அந்த இடத்துல எப்பவும் மாட்டிக்கும். இஸ்திரிக்காரர் இடது பக்கம்பார், எங்க ஆளுங்க வலது பக்கம்பாங்க. இன்னும் கால் மணி ஆகும்.

எனக்கு ஏன் இவ்வளவு சந்தோஷம்னு கேக்க மாட்டேங்கறே. ஒன்பது வருஷம் ஆச்சும்மா. ஒன்பது வருஷமா ஒரு சாமான்கூட வரிசை தாண்டல. மறுபடியும் அந்தக் குழாய்ச் சண்டை வந்து, உங்க பையன் ஒருத்தனும் எங்க பையன் ஒருத்தனும் மண்டையை உடைச்சுக்கிட்டாங்க. அதோட முடிஞ்சுது. அதுக்கப்புறம் ரெண்டு வீட்டுக்கு ஆர்டர் வந்துச்சு, உங்களுது ஒண்ணு, எங்களுது ஒண்ணு. நான் வீடு வீடாப் போயி கதவைத் தட்டினேன். ரெண்டு தடவையும். ஒருத்தரும் திறக்கல. அந்த ரெண்டு வீட்டுச் சாமானும் ரோட்டுல மழையில நனைஞ்சுது. மெத்தை நனைஞ்சா எவ்வளவு கனக்கும்னு அன்னிக்குத்தான் தெரிஞ்சுது. நான் ஒருத்தி மட்டும் ஒரு மூலையைப் பிடிச்சுக்கிட்டு இழுத்தேன். நகரவே இல்ல.

அப்ப விட்டுட்டேன். மனசுக்குள்ள விட்டுட்டேன், வெளியில சொல்லல. இன்னிக்குச் சாயங்காலம் பாரு, நான் யார் வீட்டுக் கதவையும் தட்டல. இஸ்திரிக்காரர் தானா வந்து இங்க நிக்கறார். ராட்சசி, கட்டிலை இப்ப இறக்கவா, அப்புறம் இறக்கவாங்கறார். எனக்குச் சிரிப்பும் வருது, வேற என்னவோவும் வருது. முகத்தைக் கழுவற மாதிரி பின்னாடி போயிட்டேன்.

அவரை வர வச்சது ஒரு டிரைவர். மூணு வாரம் முன்னாடி. நீ அப்ப அம்மா வீட்டுல இருந்தே. ஆவிக் குழாய் வெடிச்சு எங்க வரிசைப் பொண்ணு ஒருத்திக்குத் தோள்பட்டை வெந்து போச்சு. வாசல்ல வேன் நிக்குது, பெட்ஷீட் ஏத்தி. அதே ஆஸ்பத்திரிக்குப் போற வேன்! இவளையும் ஏத்திக்கிட்டுப் போங்கய்யான்னா, மேனேஜர் சொல்றார், ஷீட்ல ஈரம் படும்னு. அந்த டிரைவர் கீழே இறங்கினான். பின் கதவைத் திறந்தான். மடிச்சு அடுக்கின ஷீட்டையெல்லாம், நூறு இருக்கும், உங்க ஆளுங்க இஸ்திரி போட்ட ஷீட்டு, அள்ளி மண்ணுல போட்டான். அந்தப் பொண்ணை ரெண்டு கையிலயும் தூக்கிப் படுக்க வச்சு ஓட்டிக்கிட்டுப் போயிட்டான். தொட்டுத் தூக்கினாம்மா. உங்க வரிசைப் பையன். எல்லாரும் பார்த்துக்கிட்டு நின்னோம்.

திரும்பி வந்ததும் மேனேஜர் சாவியைக் குடுன்னு கையை நீட்டறார். இவன் சாவியை சோடாத் தொட்டியில போட்டுட்டான்! இடுப்பளவு சோடாத் தண்ணி. யார் இறங்குவா? மேனேஜர் ஒரு காந்தத்தைக் கயித்துல கட்டிக்கிட்டு, மீன் பிடிக்கற மாதிரி நாள் முழுக்கத் தொட்டி ஓரத்துல உக்காந்திருந்தார். ஏழு பட்டனும் ஒரு கத்திரிக்கோலும் மாட்டுச்சு. சாவி இன்னும் உள்ளதான் இருக்கு. நாங்க துவைக்கறவங்க எல்லாரும் அன்னிக்கு வேலையை நிறுத்திட்டு உக்காந்துட்டோம். மறுநாள் முன் வரிசையும் உக்காந்துச்சு. ஆவிக் குழாயை மாத்திட்டாங்க. ஆனா அவனை மட்டும் வேலையை விட்டு எடுத்துட்டாங்க.

எந்த டிரைவரா? மூணு பேர்ல ஒருத்தன். பேர் எதுக்கு இப்போ. ஒல்லியா இருப்பான். எல்லா டிரைவரும் ஒல்லிதான், சரி.

நாளைக்கு ஆர்டர் அவன் பேர்லதான். பொண்டாட்டி, கைக்குழந்தை எல்லாம் இருக்கு. அவகிட்ட ஒரு வார்த்தை சொல்லல, மடப்பய. பிள்ளை பெத்த உடம்பு, சும்மாவே பயந்த சுபாவம், இதைச் சொன்னா ராத்திரி தூங்க மாட்டா அக்கான்னு எங்க எல்லார்கிட்டயும் சத்தியம் வாங்கிட்டான். தினம் காலையில காக்கிச் சட்டையைப் போட்டுக்கிட்டு, சாப்பாட்டு டப்பாவைத் தூக்கிக்கிட்டுக் கிளம்பிடறான். எங்க போவான்? எங்க யூனியன் ரூமுக்குத்தான். அங்க உக்காந்து வேலைக்கு மனு எழுதறான். மத்தியானம் டப்பாவைத் திறந்தா நாங்க எல்லாரும் ஆளுக்கு ஒரு வாய். நல்லாத்தான் சமைக்கறா அந்தப் பொண்ணு. உப்பு மட்டும் ஒரு கல்லு தூக்கலா இருக்கும்.

உனக்கு ஏன் மூஞ்சி சிவக்குது? பொதுவாச் சொன்னேன்மா.

சரி, ஒரு பேச்சுக்குக் கேக்கறேன். உன்கிட்ட உன் வீட்டுக்காரர் இப்படி மறைச்சார்னு வை. நீ என்ன பண்ணுவே? அடேங்கப்பா. பாத்திரத்தை எடுத்து எறிவியா? நீயா? சாரி சொல்லிட்டு எறிவியா, எறிஞ்சுட்டுச் சாரி சொல்லுவியா? எந்தப் பாத்திரம்? இல்லம்மா, கனமானது வேண்டாம். ரொட்டி தேய்க்கற கட்டை வேண்டவே வேண்டாம். ஒரு டம்ளர், அலுமினிய டம்ளர், சரியா? அதுவும் தோளுக்குக் கீழே. நான் எதுக்குச் சொல்றேன்னா, நாளைக்கு அவனுக்குத் தோள் வேணும்.

என்ன கலரா? அலமாரியா? இருட்டுல கலர் எங்கம்மா தெரியுது. கண்ணாடி வச்ச அலமாரியா, வைக்காத அலமாரியான்னு நான் எட்டிப் பார்க்கலியே. நீ எழுந்திருக்காதே. பாப்பா தூங்குது பாரு. இன்னும் ஒரே ஒரு கதை…

வந்துட்டாங்க. தள்ளு, தள்ளு, கதவை அகலமாத் திற. மெதுவாப்பா! அந்த ஜன்னல் ஓரமா வைங்க. கண்ணு, உன் அலமாரி எந்தப் பக்கம் பார்த்து இருக்கணும்னு நீயே சொன்னாத் தேவலை. வெயில் நேரா பட்டா கண்ணாடி கண்ணைக் கூச வைக்கும்.

ஆமாம்மா. உன்னோடதுதான். மூணாம் நம்பர், உன் வீட்டுக்குத்தான் ஆர்டர்.

உக்காரு. பாப்பாவை என்கிட்ட குடு. குடுக்க மாட்டியா, சரி, நீயே வச்சுக்கோ. லைட்டை மேனேஜர் ஆளுங்கதான் பிடுங்கிட்டாங்க, ஃபியூஸ் இல்ல. ஆர்டருக்கு முந்தின நாள் எப்பவும் அப்படித்தான் பண்ணுவாங்க. உன்கிட்ட சொல்றதுக்குத்தான் ஆறரை மணிக்கு உன்னைக் கூப்பிட்டேன். நான் முதல்ல சொல்லணும், நீ சரின்னு சொல்லணும், அப்புறம் எட்டு மணிக்குச் சாமானைத் தூக்கணும்னு பேச்சு. இவங்க ஏழு மணிக்கே தூக்கிட்டாங்க! ஒன்பது வருஷம் கழிச்சுங்கறதால கை சும்மா இருக்கல. நான் சொல்லி முடிச்சிருப்பேன்னு நெனச்சுட்டாங்க. என்னைத் தெரிஞ்சவங்க, ஒரு வார்த்தை சொல்ல எவ்வளவு நேரம் ஆகப்போகுதுன்னு நெனச்சிருப்பாங்க. ஜட்ஜ் முன்னாடி நின்னு பேசியிருக்கேன். ஏழு தடவை போலீஸ் வண்டியில ஏறி, உள்ள உக்காந்தும் பேசியிருக்கேன். உன் மூஞ்சியைப் பார்த்து இதைச் சொல்ல எனக்கு வாய் வரலம்மா. அதான் அலமாரி, நாய், கண்ணாடியம்மான்னு ஊரைச் சுத்திக்கிட்டு இருந்தேன்.

பூட்டிட்டு வந்தியா? ஆமா, பூட்டிட்டுத்தான் வந்தே. இன்னொரு சாவி யார்கிட்ட இருக்கு? அலமாரிக்குப் பின்னாடி ரெண்டு கால் தெரியுது பாரு. தம்பி, வெளியே வாப்பா. வெளியூர்லேர்ந்து வந்த களைப்பா? டம்ளர் எதுவும் பக்கத்துல இல்ல, தைரியமா வா.

அழறார் பாரு. நீ அழு, இல்லேன்னா திட்டு, ஆனா முதல்ல நான் கேக்க வேண்டியதைக் கேட்டுடறேன். வேண்டாம்னா வேண்டாம்னு சொல்லு. இப்பவே அலமாரியை இறக்கிடலாம். இஸ்திரிக்காரர் என்னை உயிரோட விட மாட்டார், ஆனா இறக்கிடலாம். காலையில ஆளுங்க வர்றப்ப நீ அங்க இருந்தா, உன்னையும் பாப்பாவையும் வெளியே நிறுத்திடுவாங்க. நான் அங்க இருந்தா என்னை ஒண்ணும் பண்ண முடியாது. நீ இங்க இருக்கணும். பின் வரிசையில. எங்க குழாயில தண்ணி பிடிச்சுக்கிட்டு, எங்க சமையல் வாசனையோட. நாலு மாசம் ஆகும். அதுக்குள்ள தம்பி கேஸ் முடிஞ்சுடும்னு வக்கீல் சொல்றார். அவர் சொன்னா பாதி நிஜமா இருக்கும். சுத்தி எங்க ஆளுங்கதான். ராத்திரி பாப்பா அழுதா மூணு பேர் மூணு வைத்தியம் சொல்லிக்கிட்டு வந்து நிப்பாங்க, அது ஒண்ணுதான் தொந்தரவு.

என்ன? சத்தமாச் சொல்லு. சுவரைப் பார்த்தா? கண்ணாடி எதிர்ச் சுவரைப் பார்த்த மாதிரி இருக்கணுமா? கேட்டீங்களாப்பா, திருப்புங்க! இஸ்திரிக்காரரே, இதைத் திருப்பிட்டுத்தான் போகணும், பெருமூச்செல்லாம் அப்புறம் விட்டுக்கலாம்.

சரி, நான் கீழே போறேன். நீ எங்க வர்றே? வீடு வரைக்குமா? வா, வா. படி பார்த்து இறங்கு. தம்பி, பாப்பா தலையைப் பிடிச்சுக்கோ.

இதோ, என் கட்டிலைப் போட்டுட்டாங்க. தண்ணிப் பானையும் இருக்கு. மெழுகுவர்த்தி போதும் எனக்கு. நீ எதுக்கு என் பக்கத்துல உக்காரறே? நீயும் இருக்கியா? கூடாதும்மா. நீ உள்ள இருந்தா ஆர்டர் செல்லும், அவ்வளவு கதை சொன்னேனே. ஆர்டர்ல உன் பேரும் பாப்பா பேரும் இருக்கு, மூணு மாசக் குழந்தை பேரைக்கூட எழுதியிருக்கான். எழுந்திரு. எனக்குப் பயமா? என்னைத் தூக்கணும்னா நாலு பேர் வேணும், அந்த ஆபீசர் ரெண்டு பேரைத்தான் கூட்டிக்கிட்டு வருவான். நீ பயப்படறதை நிறுத்தச் சொல்லல. பயந்துக்கிட்டே மாடி ஏறு, போதும்.

போ, போ. கதவைச் சாத்தறேன்.

என்ன இது, சேர மாட்டேங்குது? தாழ்ப்பாள் ஓட்டைக்கிட்டயே வரல. இப்படித்தான் இருக்கா? பத்து நாளும் தாழ் போடாமலா இருந்தே? நாற்காலியை முட்டுக் குடுத்துட்டா தூங்கினே, இவர் வெளியூர்னு போன அன்னிக்கெல்லாம்? இதை யார்கிட்டயாவது சொல்லக் கூடாதாம்மா. மரம் ஈரத்துல ஊதியிருக்கு, வேற ஒண்ணும் இல்ல. துவைக்கறவளுக்குத் தெரியாத ஈரமா. உள்ளேருந்து இழுத்தா மட்டும் வராது இது, வெளியேருந்து ஒரு ஆள் தள்ளணும்.

தம்பி வேண்டாம், அவர் பாப்பாவை வச்சுக்கட்டும். நீ தள்ளு. ரெண்டு கையும் வச்சு. கையை வைக்காதே, தோளைக் குடு. சாரி சொல்லாதே, தள்ளு! இன்னும். இன்னும் ஒரு விரக்கடை. அப்படியே பிடி, விட்டுடாதே…

ஆங். தாழ் விழுந்துடுச்சு.